மேகாத்தாவின் சடை

என் செல்லத்தாயிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். மாடு மிரண்ட அன்றைக்கு விழும் உழவுச் சால் மாதிரி ஒவ்வொரு வரியும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. பேனாவை அழுத்திப் பிடிப்பதால் தாளைத் திருப்பித் தடவினால் பின்பக்கமும் எழுத்து தட்டுப்படுகிறது. ஒரு சொல்லை எழுதி, அதை வாய்விட்டுப் படித்து, சரிதான் என்று தெரிந்த பிறகே அடுத்த சொல்லுக்குப் போகிறேன். ஆனாலும் இது நானே எழுதுவது. யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

ஆமாம், உன் வீட்டுக்காரன் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். நீ இருந்திருந்தால், "போற காலத்துல பேனாவப் பிடிச்சு யாருக்கு எழுதப் போறீக?" என்று கேட்டிருப்பாய். உனக்குத்தான் எழுதப் போகிறேன் என்று அன்றைக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இன்றைக்குச் சொல்கிறேன்.

நம் ஆமத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. மாவு மில்லுக்காரர் மருமகள் தேவிதான் டீச்சர். உன் கூட்டாளி பேச்சியம்மா வருகிறாள். நம் காட்டுக்கு அடுத்த காட்டுக்காரன் கோவிந்தன் வருகிறான். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு நாங்கள் கத்துவதைப் பார்க்க, பந்து விளையாடும் பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு நிற்கும்.

எழுத்து கூட்டிப் படிக்க வந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பஸ்ஸின் நெற்றி, சோப்பு உறை, மத்தாப்புப் பெட்டி, கல்யாண பேனர் என்று எது கண்ணில் பட்டாலும் நின்று படிக்கிறேன். பால் டிப்போ சுவரில் "இங்கே எதுவும் எழுதக் கூடாது" என்று சுவர் முழுக்க எழுதி வைத்திருக்கிறான். அதைப் படித்துவிட்டு நடுரோட்டில் நின்று சிரித்தேன். இந்த வேடிக்கையெல்லாம் இத்தனை காலம் எனக்குத் தெரியாமலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுப்படியில் இருக்கிறதே உன் கல்யாணச் சீர்ச் செம்பு, அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். ஏதோ பூ வேலை என்று நினைத்துக்கொண்டு அதில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒருநாள் குடித்துவிட்டுக் கீழே வைக்கும்போது கண் அதிலே நின்றது. எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். செல்லத்தாய். உன் பேர். அன்றைக்கு இன்னும் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன், தாகமே இல்லாமல்.

சரி, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

தேவி டீச்சர் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தாள். ஆளுக்கு ஒரு கதை எழுத வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துச் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கொடுத்து, சின்னப் புத்தகமாக அச்சடித்து, நம் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறாள். கோவிந்தன் தன் நாய் நரியை விரட்டிய கதையை எழுதினான். பேச்சியம்மா காணாமல்போன ஆட்டைப் பற்றி எழுதினாள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. உன் மேகாத்தா கதையை எழுத ஆரம்பித்தேன்.

எழுத எழுதத்தான், அந்தக் கதை எங்கே பிறந்தது என்பதும் ஞாபகம் வந்தது. நம் வீட்டு வாசலில், ஒரு புரட்டாசியில். நீ பட்டாசுக் கம்பெனிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாய். தட்டுத் தட்டாகப் பரப்பிய குழாயில் பசை ஈரம் காய உனக்கு வாசல் முழுக்க வெயில் வேண்டும். நானோ கரிசல் காட்டில் மழையை நம்பிப் புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவன். தீபாவளி நெருங்க நெருங்கக் கம்பெனிக்காரன் குழாயைக் கேட்டு உன்னை விரட்டுவான். அதே நாட்களில் என் விதையை மண்ணுக்குள் எறும்பு இழுத்துக்கொண்டிருக்கும்.

வடக்கே ஒரு மேகம் கறுத்தால் போதும். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரிப்பேன். நீ "ஏங்க, பல்லக் காட்டிக்கிட்டு நிக்காம தட்டத் தூக்குங்க!" என்று ஓடுவாய். ஒரே மேகம்தான். ஒரே வாசலில்தான் இரண்டு பேரும் நின்றோம்.

நடுவில் நம் மாரி. அப்போது மூன்றாவதோ நாலாவதோ படித்தாள். ஒருநாள் நீ அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது கேட்டாளே, "அம்மா, சாமி கும்புடும்போது நான் மழை கேக்கணுமா, வெயில் கேக்கணுமா? மழை கேட்டா நீ திட்டுவ. வெயில் கேட்டா அப்பா பாவம்ல?" நீ சீப்பை அப்படியே நிறுத்தினாய். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தேன். நீ மறுபடி சீப்பைப் போட்டுக்கொண்டே, "ஒரு ஊர்ல மேகாத்தான்னு ஒரு பிள்ளை இருந்துச்சாம்" என்று ஆரம்பித்தாய்.

நான் எழுதியதை உனக்குச் சொல்கிறேன். தப்பு இருந்தால் திருத்து.

மேகாத்தாவின் தலைமுடிதான் அந்த ஊரின் மேகம். குழந்தையாக இருக்கும்போது இருக்கன்குடிக் கோயிலில் அவளுக்கு மொட்டை போட்டுவிட்டார்கள். முடி முளைக்கும்வரை ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. காது வரைக்கும் முடி வளர்ந்தபோது தூறல் விழுந்தது. தோளைத் தொட்டபோது கண்மாயில் தண்ணீர் நின்றது. இடுப்புவரை இறங்கியபோது இடியும் மின்னலும் சேர்ந்துகொண்டன. சீப்புப் போட்டுச் சிக்கெடுத்தால் வானம் உறுமும். எண்ணெய் வைத்தால் நாளெல்லாம் மூட்டமாகவே இருக்கும். பேன் பார்த்தால் ஆலங்கட்டி விழும். இந்த இடம் வந்ததும் மாரி தலையைச் சொறிந்துகொண்டு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மேகாத்தாவின் அம்மா தினமும் காலையில் வாசலுக்கு வந்து தெருவைப் பார்ப்பாள். குழாய் காய்கிறதா, வானம் பார்த்த விதை கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, இன்றைக்கு இறுக்கிப் பின்னலாமா, தளரப் பின்னலாமா என்று அவளே முடிவு செய்வாள். காட்டுக்காரர்கள் சீனிச்சேவு வாங்கிக்கொண்டு வந்து, "தாயி, கொஞ்சம் அவுத்து விடு தாயி" என்று கெஞ்சுவார்கள். குழாய் உருட்டும் பெண்கள் கலர் கலராக ரிப்பன் வாங்கிக்கொண்டு வந்து, "நல்லா இறுக்கிக் கட்டுடி என் ராசாத்தி" என்பார்கள்.

மேகாத்தா சின்னப் பிள்ளைதானே? குதித்தால் ரிப்பன் நழுவும். சிரித்தால் ஒரு கற்றை பிரியும். யார் வீட்டுக் கல்யாணப் பந்தலோ நனையும். ஊர் திட்டும். "வெட்டிப் போட்டுரும்மா, எனக்கு முடியே வேண்டாம்" என்று அவள் அழுவாள்.

ஆனால் வளர வளர அவளுக்குத் தன் முடியின் வழி பிடிபட்டது. ஒரே ஒரு இழையை அவிழ்த்தால் ஒரே ஒரு கிணற்றுக்குள் மட்டும் மழை பெய்யும் என்று கண்டுபிடித்தாள். வகிட்டை மாற்றி எடுத்தால் மேகம் கிழக்கே நகரும் என்று கண்டுபிடித்தாள். மின்னலைக் கொண்டை ஊசி மாதிரி வளைத்துச் செருகிக்கொள்ளப் பழகினாள். இதெல்லாம் ஒருத்தருக்கும் தெரியாது. ஏன் தெரியாது என்று மாரி கேட்டதற்கு நீ சொன்னாய்: "எல்லாரும் அவ தலையத்தான் பாத்தாகளே ஒழிய, ஒருத்தரும் அவ மொகத்தப் பாக்கலைல்ல?"

இந்த வரியை எழுதும்போது எனக்கு நேரம் பிடித்தது. எழுத்துத் தெரியாததால் இல்லை.

நான் செய்த கூத்தும் ஞாபகம் இருக்கிறதா? நீ பின்னி முடித்து அவளை எழுப்பி விட்டு, பசைக் கிண்ணத்தில் கை வைப்பாய். நான் பின்னாலிருந்து மெதுவாக வந்து ஒரு ரிப்பனை உருவிவிட்டு, "மேகாத்தா, அப்பாவுக்கு மழை!" என்று ஓடுவேன். நீ பசைக் கையோடு என்னைத் துரத்துவாய். ஒருநாள் என் முதுகில் உன் ஐந்து விரலும் பசையோடு பதிந்து, அந்தச் சட்டையோடே நான் சாத்தூர்ச் சந்தைக்குப் போய்விட்டேன். மாட்டுத் தரகன், "என்னண்ணே, வீட்ல முத்திரை குத்தி அனுப்பிருக்காகளோ?" என்று கேட்டான்.

அப்புறம் அந்த மழை. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த மத்தியானம், எங்கிருந்தோ வந்து கொட்டியது. நீயும் பேச்சியம்மாவும் தட்டுகளைத் தூக்குவதற்குள் குழாயெல்லாம் ஊறி, சோற்றுக் கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. ஒரு வாரத்து வேலை. நீ தலையில் கையை வைத்துக்கொண்டு ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தாய். எனக்குக் காட்டுக்கு ஓட வேண்டும் போலவும் இருந்தது, உன் பக்கத்தில் உட்கார வேண்டும் போலவும் இருந்தது.

அப்போது மாரி பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள். புத்தகப் பையைக் காணோம். இரண்டு கையாலும் தலைமுடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தொப்பலாக நனைந்து, "நான் அவுக்கலைம்மா! வெளையாடும்போது அதுவா அவுந்துருச்சும்மா! நான் அவுக்கவே இல்லம்மா!" என்று கதறினாள்.

நாம் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். கதையைப் பிள்ளை இவ்வளவு தூரம் நம்பியிருக்கும் என்று யார் கண்டது? வேறு எந்த ஊரிலாவது ஒரு பிள்ளை மழைக்காக இப்படி மன்னிப்புக் கேட்டு அழுதிருக்குமா? நீ அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஊறிப்போன குழாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்தாயே, அந்தச் சிரிப்பு. "அடி கிறுக்கச்சி! ஒந்தலைமுடிக்கு அம்புட்டுச் சக்தி இருந்தா, உங்கப்பன் காட்டுல எப்பவோ வெள்ளாமை வெளைஞ்சு நாம மாடி வீடுல்ல கட்டிருப்போம்!" மாரி அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கொஞ்சம் கோபம் வந்து, பிறகு சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு கதை இன்னும் தீவிரமாக நடந்தது. கடைசியாக நான் கேட்ட இடம் இதுதான்: புரட்டாசிக் காலை. மேகாத்தா வீட்டு வாசலில் ஊரே நிற்கிறது. காட்டுக்காரர்கள் ஒரு சடையைப் பிடித்துக்கொண்டு "அவு" என்கிறார்கள். குழாய்க்காரப் பெண்கள் மறு சடையைப் பிடித்துக்கொண்டு "கட்டு" என்கிறார்கள். நடுவில் மேகாத்தா. பின்னால் ரிப்பனோடு அவள் அம்மா.

அங்கே நின்றுபோயிற்று. அதற்கு மேல் நீ சொல்லி நான் கேட்டதே இல்லை.

போன வாரம் வகுப்பில் இதுவரைக்கும் படித்துக் காட்டினேன். நிறுத்தி நிறுத்தித்தான் படித்தேன். முடித்ததும், முடிவு இல்லையே, என்ன செய்யலாம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

கோவிந்தன் எழுந்து நின்றுவிட்டான். "இதுல யோசிக்க என்ன மச்சான் இருக்கு? அவுத்து விடச் சொல்லு. மழை பெய்யட்டும். வெதை மொளைக்காம ஊரு எதத் திங்கும்?"

"ஆமா, இவரு வெதைச்சுத்தான் ஊரு திங்குது!" என்றாள் பேச்சியம்மா அவனிடம். "வருசம் பூரா குழாய் உருட்டுன கூலியிலதான ஒங்க வீட்டு அடுப்பு எரிஞ்சுது? ஒம்பொண்டாட்டியக் கேட்டுப் பாரு. அண்ணே, நல்லா இறுக்கிக் கட்டுனான்னு எழுதுங்க!"

"ஏ ஆத்தா, மழை பெய்யாம நீ பசை காச்சத் தண்ணிக்கு எங்க போவ?"

"ஒங்காட்டுல பெய்யட்டும், எவ வேண்டாம்னா? எவ்வாசல்ல ஏன் பெய்யணும்?"

வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஜன்னலில் தொங்கிய பிள்ளைகள் விசில் அடித்தார்கள். தேவி டீச்சர் டஸ்டரால் மேஜையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். கடைசியில் என்னிடம், "மாமா, சின்னப் பிள்ளைக படிக்கிறது. மழையை யாரும் வேண்டாம்னு சொல்ற மாதிரி வேண்டாமே. மழை பெஞ்சுச்சு, எல்லாரும் சந்தோசமா ஆடுனாங்கன்னு முடிச்சிருங்க. சனிக்கிழமை பிரஸ்ஸுக்குக் கொடுக்கணும்" என்றாள்.

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். வீட்டுக்கு வந்து அப்படியே எழுதிப் பார்த்தேன். மழை பெய்தது, எல்லாரும் ஆடினார்கள். படித்துப் பார்த்தால், ஊறிப்போன குழாய்களுக்கு நடுவில் நீ உட்கார்ந்திருக்கிறாய். எப்படி ஆட முடியும்? அடித்துவிட்டேன். வெயில் அடித்தது, எல்லாரும் சிரித்தார்கள் என்று எழுதினேன். என் காட்டில் எறும்பு ஊர்ந்தது. அதையும் அடித்துவிட்டேன்.

செல்லத்தாயி, எனக்குப் பயமாகிவிட்டது. உன்னுடையது என்று என்னிடம் என்ன இருக்கிறது? செம்பு இருக்கிறது, இரண்டு சேலை இருக்கிறது. நீ உருட்டிய குழாயெல்லாம் எந்த ஊர்த் தீபாவளிக்கோ வெடித்துத் தீர்ந்துவிட்டது. நீ சொன்னது என்று மிச்சம் இருப்பது இந்தக் கதை ஒன்றுதான். அதற்கு நான் ஒரு பொய் முடிவை ஒட்டி, அது அச்சாகி, ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அதைத்தான் மேகாத்தா என்று நினைத்துக்கொண்டால்? எழுத்துத் தெரியாதவனாக இருந்தபோது இந்தக் கஷ்டம் இல்லை. சொல்லும் பேச்சு காற்றோடு போய்விடும். எழுதினால் நின்றுவிடுகிறதே.

வெள்ளிக்கிழமை காலையில் மாரிக்குப் போன் போட்டேன். அவள் சாத்தூரில் தீப்பெட்டிக் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"மாரி, அம்மா சொன்ன மேகாத்தா கதை எப்படித்தா முடிஞ்சுது?"

"இதக் கேக்கவா காலங்காத்தால போன் போட்டீக? நான் ஒடம்புக்குத்தான் ஏதோன்னு பயந்துட்டேன்." சிரித்தாள். "அது எங்கப்பா முடிஞ்சுது? முடியவே இல்லையே."

"ஒனக்கு மட்டும் தனியாச் சொல்லிருப்பாளோன்னு நெனைச்சேன்."

"இல்லப்பா. சடை பின்னும்போது மட்டுந்தான அம்மா கதை சொல்லும்? நான் ஏழாவது போனதும் நானே பின்னிக்கிறேன்னுட்டேன். அப்புறம் கதைக்கு எங்க போக? ஏப்பா, சாப்ட்டீகளா? பஸ்ஸு வந்துருச்சு, வச்சிரட்டுமா?"

வைத்துவிட்டாள். நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல்படியில் நின்றேன்.

நானே பின்னிக்கிறேன்.

அந்தக் காலை எனக்கு ஞாபகம் வந்தது. நீ வழக்கம்போல வாசலில் உட்கார்ந்து, காலை நீட்டி, சீப்பை மடியில் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டாய். அவள் வரவில்லை. கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "நானே பின்னிக்கிறேம்மா" என்றாள். நீ எழுந்து போய்ச் சீப்பையும் ரிப்பனையும் அவள் கையில் கொடுத்துவிட்டு வந்து, குழாய் உருட்ட உட்கார்ந்தாய். நான் அப்போது, பிள்ளை பெரிதாகிவிட்டாள், ஒரு வேலை மிச்சம் என்றுதான் நினைத்தேன். கதை பாதியில் நின்றுவிட்டது என்றுதான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதை நிற்கவில்லை. அன்றைக்குத்தான் முடிந்திருக்கிறது. நீ சொல்லி முடிக்கவில்லை, கொடுத்து முடித்திருக்கிறாய். உனக்கு அப்போதே அது தெரியுமா? இல்லை, உனக்கும் தெரியாமல்தான் நடந்ததா? இதை உன்னிடம் கேட்க வேண்டும் என்றுதான் இந்தக் கடிதமே.

உட்கார்ந்து எழுதினேன். ஒரு இடம் மட்டும் சந்தேகம். பேச்சியம்மா வீட்டுக்குப் போய், "குழாய் காய எம்புட்டு நேரம் ஆகும்?" என்று கேட்டேன். "நல்லாருக்கே! செல்லத்தாயியோட இத்தன வருசம் குடும்பம் நடத்திட்டு இப்ப எங்கிட்ட வந்து கேக்கீகளே!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். ஆனாலும் பதில் சொல்லிவிட்டாள்.

நான் எழுதிய முடிவு இது:

மேகாத்தாவின் அம்மா சீப்பைக் கீழே வைத்தாள். ரிப்பனை மேகாத்தாவின் கையில் கொடுத்தாள். "இனிமேல் நீயே பின்னிக்கொள்" என்றாள். மேகாத்தா இரண்டு சடைகளையும் ஊராரின் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டாள். காட்டுக்காரர்களைப் பார்த்து, "உங்கள் விதை எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது? இன்னும் எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டாள். குழாய்க்காரப் பெண்களைப் பார்த்து, "உங்கள் குழாய் காய எவ்வளவு நேரம் வேண்டும்? எத்தனை மணிக்கு உள்ளே எடுப்பீர்கள்?" என்று கேட்டாள். ஊராருக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர்கள் யாரும் யாரிடமும் இப்படிக் கேட்டுக்கொண்டதே இல்லை. அப்போதுதான் முதல் தடவையாக எல்லாரும் மேகாத்தாவின் முகத்தைப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவள் கண்மாய்க் கரையில் போய் உட்கார்ந்து, தன் தலையைத் தானே பின்ன ஆரம்பித்தாள். முதல் சடை கோணலாக வந்தது. அவள் சிரித்தாள். தலைக்கு மேலே மேகமும் கோணலாக நின்றது.

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வகுப்பில் எழுந்து நின்று படித்தேன். முடித்ததும் தாளை மடித்தேன்.

கோவிந்தன்தான் முதலில் கேட்டான். "அப்ப மழை பெஞ்சுதா, இல்லியா? அதச் சொல்லாமப் போறியே மச்சான்!"

பேச்சியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "அவ இன்னும் பின்னி முடிக்கல. செத்த பொறும்யா."

தேவி டீச்சர் தாளை வாங்கி ஒருதடவை தானே படித்தாள். "இப்படியே இருக்கட்டும் மாமா" என்றாள். சனிக்கிழமை கதை பிரஸ்ஸுக்குப் போய்விட்டது. கதைக்குக் கீழே யார் பேர் போட என்று கேட்டாள். உன் பேரைச் சொன்னேன். நானே எழுதிக் கொடுத்தேன், செம்பில் இருந்ததைப் பார்த்து, அதே மாதிரி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மாரியிடம் போனில் முழுக்கதையையும் படித்துக் காட்டினேன். "அப்பா, நீங்களா படிக்கிறீக? நீங்களாவா?" என்று நடுநடுவே கேட்டுக்கொண்டே இருந்தாள்.

முடித்ததும் சொன்னாள்: "அன்னைக்கு நான் பின்னுனது கோணலாத்தான்ப்பா இருந்துச்சு. ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழ. அம்மா பாத்துச்சு. எங்க, அவுத்துட்டு மறுபடி பின்னி விட்ருமோன்னு நெனைச்சேன். ஒண்ணுமே சொல்லல. அப்படியே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வச்சுச்சு. உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் அப்போது மாட்டைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குப் போயிருப்பேன். கோணல் என்று ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. முதல்முதலாகச் சொந்தக் கையால் செய்வது கோணலாகத்தானே வரும் என்று என் கைக்குத் தெரிந்திருக்கும்.

நீ போய் இது மூன்றாவது புரட்டாசி. இந்த வருஷமும் விதைத்துவிட்டேன், மக்காச்சோளம்தான். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வடக்கே மேகம் கறுத்து வருகிறது. தெருவில் பேச்சியம்மா வீட்டுக் குழாய்த் தட்டுகள் வெயிலில் கிடக்கின்றன. அன்றைக்கு அவள் சொன்ன கணக்குப்படி அவை காய இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும். வானத்தைப் பார்க்கிறேன். யார் அங்கே சடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நல்ல பிள்ளையாக இருந்தால் ஒரு மணி நேரம் பொறுப்பாள். எதற்கும் நான் எழுந்து போய்த் தட்டுத் தூக்க ஒரு கை கொடுத்துவிட்டு வருகிறேன். நீ "பல்லக் காட்டிக்கிட்டு நிக்காம" என்று சொல்வதற்கு முன்னால்.

அடுத்த திங்கட்கிழமைக்குள் சிவகாசியிலிருந்து புத்தகம் வந்துவிடும். உன் பேர் எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது, மேகாத்தாவுக்கு என்ன படம் போட்டிருக்கிறார்கள், பிள்ளைகள் படித்துவிட்டு என்ன சண்டை போட்டார்கள், நம் காட்டில் மழை பெய்ததா என்று எல்லாவற்றையும் அன்றைக்கே உட்கார்ந்து உனக்கு எழுதுவேன். அதற்குள் என் எழுத்து நேராகிவிடும் என்று சொல்ல மாட்டேன். நீதான் கோணலைத் திருத்தாதவள் என்று இப்போது தெரிந்துவிட்டதே.

கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். என் பேரை அழகாக எழுத வரும். ஆனால் நீ ஒருநாளும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதைப் போட்டால் யாரோ எழுதியது மாதிரி உனக்கு இருக்கும். அதனால் நீ கூப்பிட்டதையே போடுகிறேன்.

இப்படிக்கு,
மாரி அப்பா